பள்ளி திறந்ததும் வந்த 11 பக்கங்கள்

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்பு. மகள் இந்த ஆண்டுதான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். பள்ளி திறந்த முதல் வாரமே 11 பக்கச் சுற்றறிக்கை, ஐந்து படிவங்கள், புதிதாக ஒரு செயலி, இரண்டு வாட்ஸ்அப் குழுக்கள் என்று வந்து குவிந்துவிட்டன. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வீட்டு வேலை முடிந்து உட்கார்ந்தபோது இரவு மணி 11. எதையும் படிக்காமல் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். நான்கே நாளில் அதன் பலன் தெரிந்தது. இரண்டு வருடமாகப் பேரனைத் தினமும் கூட்டி வரும் என் மாமனாரைப் பள்ளி வாசலில் நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகளை அழைத்துச் செல்ல அனுமதி உள்ளவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லையாம். உள்ளே மகள் அழ, வெளியே அவர் நிற்க, அலுவலகத்திலிருந்து நான் ஓடி வர முக்கால் மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து அவர், "இனிமேல் நான் போகவில்லை" என்கிறார். இது போதாதென்று, பாதுகாப்புக்காக மகனுக்கு வாங்கிக் கொடுத்த, போன் பேசும் வசதியுள்ள கைக்கடிகாரத்துக்கும் தடை. இவ்வளவு விதிகளையும் ஒரு பெற்றோர் எப்படிப் படித்து நினைவில் வைத்துக்கொள்வது? கேள்வி கேட்டால் பிள்ளைமேல் காட்டிவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமனார் வாசலில் நின்ற அந்த முக்கால் மணி நேரத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். அவரைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். அதற்கு முன்னால் அந்தக் காகிதங்களைப் பார்த்துவிடுவோம்.

நான் 27 ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தவள். அதில் கடைசி 9 ஆண்டுகள் தலைமையாசிரியை. அந்த 9 ஆண்டும் இந்த மாதிரிச் சுற்றறிக்கையை எழுதியது நான்தான். அது எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் படிப்பது சுலபமாகிவிடும். விடுமுறையின் கடைசி வாரத்தில் போன வருடத்துக் காகிதத்தை எடுப்போம். தேதிகளை மாற்றுவோம். கடந்த ஆண்டில் எங்கே தவறு நடந்ததோ அங்கே ஒரு புது வரி சேர்ப்போம். பழைய வரிகளை யாரும் எடுப்பதில்லை. இப்படித்தான் இரண்டு பக்கமாக இருந்தது 11 பக்கமாகிறது. ஏறக்குறைய ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு குழந்தையும் ஒரு சம்பவமும் உண்டு. ஆனால் அந்தச் சம்பவத்தை எழுத முடியாது. விதி மட்டும்தான் உங்கள் கைக்கு வருகிறது. காரணம் இல்லாமல் வரும் விதி யாருக்கும் கட்டளையாகத்தான் தெரியும்.

அதனால் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பாடம் போலப் படிக்காதீர்கள். எந்தப் பத்தியைப் படித்தாலும் ஒரே ஒரு கேள்வி போதும்: அந்த நேரத்தில் என் பிள்ளை பக்கத்தில் யார் இருப்பார், அவர் கையில் என்ன தகவல் இருக்கும்? காலுறையின் நிறத்தைப் பற்றிய பத்திக்கு இந்தக் கேள்வியைப் போட்டால் ஒன்றும் நிற்காது. தாண்டிப் போகலாம். அவசரத் தொடர்பு எண் கேட்கும் கட்டத்துக்குப் போட்டுப் பாருங்கள், அந்த ஒரு கட்டத்துக்குப் பத்து நிமிடம் செலவிட வேண்டும் என்று உங்களுக்கே தோன்றும்.

அந்தக் கட்டத்தைப் பற்றி எனக்கு ஒரு நினைவு உண்டு. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி விளையாட்டு மைதானத்தில் விழுந்துவிட்டாள். மணிக்கட்டு சட்டென்று வீங்கிவிட்டது. படிவத்தில் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று அணைத்து வைக்கப்பட்டிருந்தது, இன்னொன்று உபயோகத்தில் இல்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது எழுதிய எண், அடுத்த ஆண்டும் அப்படியே இருந்துவிட்டது. முதலுதவி செய்து மருத்துவமனைக்கு நாங்களே அழைத்துப் போனோம். எலும்பில் சின்ன விரிசல், குணமாகிவிட்டது. ஆனால் அந்த வழி முழுக்க அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா கிட்ட சொல்லிட்டீங்களா மிஸ்?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டே வந்தாள். "சொல்லிக்கொண்டே இருக்கிறேன்மா" என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

ஆகவே உங்கள் எண், கணவர் எண் இரண்டும் போதாது. இருவரும் ஒரே நேரத்தில் கூட்டத்தில் இருக்கலாம். மூன்றாவதாக, பகலில் போனை எடுக்கக்கூடிய, பள்ளிக்கு அரை மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய ஒருவரின் எண் வேண்டும். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பள்ளியின் அலுவலக எண்ணை அவர் போனிலும் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். தெரியாத எண் என்று எடுக்காமல் விடுகிறவர்கள் நிறைய.

அடுத்து மருத்துவப் படிவம். 'ஏதேனும் உடல்நலக் குறைபாடு உண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையைச் சொன்னால் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம். எனக்குப் புரிகிறது. ஆனால் ஆஸ்துமா உள்ள ஒரு பையனின் பையில், சாப்பாட்டுக் கூடைக்கும் அடியில், பெயர் எழுதாத இன்ஹேலர் ஒன்றை நாங்கள் தேடி எடுத்த அந்த நான்கு நிமிடம் எனக்கு இன்றும் கனவில் வரும். வகுப்பாசிரியைக்கு அவனுக்கு ஆஸ்துமா என்பதே தெரியாது. மூச்சுத்திணறல், வலிப்பு, உணவு ஒவ்வாமை, கேட்புக் குறைவு, இவற்றில் எது இருந்தாலும் எழுதுங்கள். எழுதுவதோடு விடாமல் வகுப்பாசிரியரை நேரில் பார்த்து இரண்டு நிமிடம் சொல்லுங்கள். படிவம் அலுவலகக் கோப்புக்குள் போய்விடும். பிள்ளையோடு அறைக்குள் இருக்கப்போகிறவர் ஆசிரியர்தான்.

மருந்து பற்றிய விதியில் பள்ளி கறாராக இருப்பது சரியே. மருந்து அதன் சொந்தப் பெட்டியில், பிள்ளையின் பெயரோடு, அளவும் நேரமும் எழுதிய சீட்டோடு, பெரியவர் கையிலிருந்து பெரியவர் கைக்குப் போக வேண்டும். பையில் போட்டு அனுப்பினால் பக்கத்துப் பிள்ளை மிட்டாய் என்று நினைத்துச் சாப்பிட்டுவிடலாம். ஆனால் ஒரு இடத்தில் மட்டும் நான் பெற்றோர் பக்கம். எல்லா மருந்தையும் பீரோவில் பூட்டி வைப்போம் என்று சில பள்ளிகள் எழுதுகின்றன. ஆஸ்துமாவுக்கான இன்ஹேலரையும், கடுமையான ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசியையும் பூட்டி வைக்கக் கூடாது. அவை நிமிடக் கணக்கில் தேவைப்படுபவை. உங்கள் பள்ளிச் சுற்றறிக்கையில் அப்படி ஒரு வரி இருந்தால், அந்த மருந்து தேவைப்படும் பிள்ளையின் பெற்றோர் பேசாமல் இருக்கக் கூடாது. மாற்றும்வரை கேளுங்கள்.

காய்ச்சல் விஷயத்துக்கு வருகிறேன். காலையில் உடம்பு லேசாகச் சுடுகிறது. இன்று இருவருக்குமே விடுப்பு எடுக்க முடியாது. பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அந்த மருந்து நான்கிலிருந்து ஆறு மணி நேரம் வேலை செய்யும். 7 மணிக்குக் கொடுத்தால் 11 மணிக்கு மேல் பிள்ளை மேசைமேல் தலையைச் சாய்த்துவிடும். எங்கள் ஆசிரியர் அறையில் இதற்குப் 'பதினொரு மணிக் காய்ச்சல்' என்றே பெயர். திட்டுவதற்காகச் சொல்லவில்லை, விடுப்பு கிடைக்காத வேலையில் இருக்கும் அம்மாக்களின் முகத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு அன்றைய நாள் பெரிய வேதனை. பொதுவாகப் பள்ளிகள் பின்பற்றும் அளவுகோல் இதுதான்: மருந்து கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் கடைசியாகப் போனதிலிருந்து 48 மணி நேரம். சின்னம்மை என்றால் எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை. அதற்குப் பெரும்பாலும் ஐந்து நாளாவது ஆகும். சாதாரணச் சளிக்கு, பிள்ளை சுறுசுறுப்பாக இருந்தால், நிறுத்த வேண்டியதில்லை.

பேனுக்கும் நிறுத்த வேண்டியதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பேன் குதிக்காது, பறக்காது. தலையோடு தலை ஒட்டினால்தான் ஏறும். சுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பேனுக்காகப் பிள்ளையைத் திருப்பி அனுப்பும் பள்ளி இருந்தால் அந்த விதியைப் பற்றிக் கேட்கலாம். அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட பெண் குழந்தைகள் எவ்வளவு கூனிக் குறுகுவார்கள் என்று பார்த்தவள் நான்.

வருகைப் பதிவு பற்றி இரண்டு பக்கம் எழுதியிருப்பார்கள். அதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒரு கணக்குதான். பல நாடுகளில் பள்ளி நாட்களில் 10 சதவீதம் தவறவிட்டாலே அதைத் தொடர் விடுப்பு என்று கணக்கில் எடுக்கிறார்கள். 200 நாள் நடக்கும் பள்ளியில் அது 20 நாள், அதாவது மாதத்துக்கு இரண்டு நாள். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். தாமதமும் அப்படித்தான். தினம் 10 நிமிடம் தாமதம் என்றால் ஆண்டுக்கு 2,000 நிமிடம், 33 மணி நேரத்துக்கும் மேல். ஆனால் எனக்கு இந்த எண்ணைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. ஆறு வயதுப் பிள்ளை, எல்லோரும் உட்கார்ந்த பிறகு, கதவருகே நிற்கிறது. 30 தலைகள் ஒன்றாகத் திரும்புகின்றன. என்ன பாடம் நடக்கிறது என்று தெரியவில்லை, எந்த நோட்டை எடுப்பது என்று தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவனிடம் கேட்டால், "பேசாதே" என்று டீச்சர் சொல்கிறார். இப்படி வாரத்தில் மூன்று நாள் நடந்தால் அந்தப் பிள்ளைக்குக் காலையில் வயிறு வலிக்கத்தான் செய்யும்.

இனி உங்கள் மகனின் கைக்கடிகாரம். இதில் நான் பள்ளியின் பக்கம், காரணத்தோடு. யுனெஸ்கோ 2023-இல் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, வகுப்பறைக்குள் இந்தச் சாதனங்கள் கவனத்தை எப்படிக் கலைக்கின்றன என்று பேசுகிறது. ஒருமுறை கவனம் சிதறினால் பாடத்துக்குத் திரும்ப 20 நிமிடம்வரை ஆகலாம் என்று கண்ட ஆய்வையும் அது எடுத்துச் சொல்கிறது. எட்டு வயதுப் பையனுக்கு வகுப்பின் நடுவே அம்மாவின் குரல் கேட்டால், அன்று மீதி நேரமும் அவன் மனம் வீட்டில்தான் இருக்கும். நீங்கள் பாதுகாப்புக்காக வாங்கினீர்கள், சரி. அந்தப் பாதுகாப்பைக் கடிகாரம் இல்லாமல் எப்படிக் கொடுப்பது என்று பாருங்கள். பள்ளி விட்ட பிறகு அலுவலகப் போனை எத்தனை மணிவரை, யார் எடுப்பார்கள்? வேன் தாமதமானால் பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள்? இந்த இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் எண்ணை மகனுக்கு மனப்பாடம் செய்ய வையுங்கள். மகளுக்கும்தான். எண்ணைப் பாட்டாக்கிச் சொல்லிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் வந்துவிடும்.

கையெழுத்து பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து படிவத்திலும் ஒரே கையெழுத்தைப் போட்டீர்கள். ஆனால் அந்த ஐந்தும் ஒன்றல்ல. 'படித்தேன்' என்பதற்கான கையெழுத்து வேறு, 'சம்மதிக்கிறேன்' என்பது வேறு, 'பொறுப்பேற்கிறேன்' என்பது இன்னும் வேறு. கையெழுத்துக் கோட்டுக்கு நேர் மேலே உள்ள ஒரு வரியை மட்டுமாவது படியுங்கள். விதிமுறைத் தாளில் 'படித்தேன்' என்றுதான் இருக்கும், போட்டுவிடலாம். சுற்றுலாப் படிவத்தில் 'பள்ளி எதற்கும் பொறுப்பல்ல' என்று ஒரு வரி இருந்தால் பதறாதீர்கள். பிள்ளைகள் ஆசிரியர்களோடு இருக்கும் நேரத்தில் அவர்களைக் கவனிக்க வேண்டிய கடமை ஆசிரியர்களுக்கு உண்டு, காகிதத்தில் ஒரு வரி எழுதியதால் அது போய்விடாது. ஆனால் எத்தனை பெரியவர்கள் கூடப் போகிறார்கள், முதலுதவி தெரிந்தவர் யார் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

புகைப்படச் சம்மதம்தான் பலரும் கவனிக்காத தாள். வகுப்புச் சுவரில் ஒட்டுவதற்குச் சம்மதிப்பது வேறு, பள்ளியின் சமூக ஊடகப் பக்கத்தில் போடச் சம்மதிப்பது வேறு. ஒன்றுக்கு ஆம், மற்றொன்றுக்கு இல்லை என்று எழுதலாம். படிவத்தில் அதற்கு இடம் இல்லாவிட்டாலும் கையால் எழுதிக் கொடுக்கலாம். முகம், பெயர், சீருடை மூன்றும் ஒரே படத்தில் இருந்தால், அந்தப் பிள்ளை தினமும் எந்த வாசலில் நிற்கும் என்பது முன்பின் தெரியாதவருக்கும் தெரிந்துவிடுகிறது. என் யோசனை, சுவருக்குச் சம்மதம் கொடுங்கள், பெயரோடு இணையத்துக்கு வேண்டாம். மூன்றாம் வகுப்புப் பையனிடம் ஒரு வார்த்தை கேட்டும் பாருங்கள். 1989-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற குழந்தைகள் உரிமைகள் உடன்படிக்கையில், தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமை 12-ஆம் பிரிவிலும், தனியுரிமை 16-ஆம் பிரிவிலும் இருக்கின்றன. வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் அதற்கு இடம் கொடுக்கலாம்.

வீட்டுப்பாட விதி எப்படி இருந்தாலும், தொடக்க வகுப்புகளில் அதற்காகப் பிள்ளையை அழவிட வேண்டாம். வீட்டுப்பாடம் பற்றிய ஆய்வுகளைப் பல ஆண்டுகள் தொகுத்துப் பார்த்தவர் ஹாரிஸ் கூப்பர். மேல்வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் இருக்கும் தொடர்பு தொடக்க வகுப்புகளில் மிகக் குறைவு என்பது 2006-இல் அவர் குழு வெளியிட்ட தொகுப்பின் முடிவு. வகுப்புக்கு 10 நிமிடம் என்பது புழக்கத்தில் உள்ள அளவு: மகளுக்கு 10, மகனுக்கு 30. அதைத் தாண்டினால் நிறுத்திவிட்டு, 'இவ்வளவு நேரம் உட்கார்ந்தான், இதுவரை முடித்தான்' என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்தக் குறிப்பு ஆசிரியருக்கு உண்மையிலேயே உதவும். 6 வயதிலிருந்து 12 வயதுவரை இரவில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதை வெட்டித்தான் வீட்டுப்பாடம் முடிகிறது என்றால் அந்தக் கணக்கு தப்பு. புத்தகப் பையையும் ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள். பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குள் இருந்தால் நல்லது.

இனி, அந்த 11 பக்கத்தில் எங்கேயும் இல்லாத ஒன்றைக் கேட்கப் போகிறேன். உங்கள் மகளுக்குக் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று தெரியுமா?

27 ஆண்டில் எந்தச் சுற்றறிக்கையிலும் இதை வேறு யாரும் எழுதிப் பார்த்ததில்லை. நானும் முதல் சில ஆண்டுகள் எழுதவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் முதல் மாதத்துப் பெரிய பயம் எழுத்தோ எண்ணோ கிடையாது, இதுதான். கேட்கக் கூச்சம். கேட்டால் "இப்பத்தானே இடைவேளை முடிஞ்சது" என்ற பதில் வருமோ என்ற பயம். கதவின் தாழ்ப்பாள் எட்டாது, அல்லது போட்டால் திறக்க வராது. அதனால் காலையிலிருந்து மாலைவரை அடக்கி வைக்கும் பிள்ளைகள் உண்டு. தண்ணீரே குடிக்காமல் புட்டியை நிரம்பியபடி வீட்டுக்குக் கொண்டு வரும் பிள்ளைகள் உண்டு. இதில் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வரும். மாலையில் அவள் தண்ணீர்ப் புட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் விசாரியுங்கள்.

வகுப்பாசிரியரிடம் இப்படிக் கேளுங்கள்: "மிஸ், பாடம் நடக்கும்போது அவசரம் என்றால் அவள் எப்படிக் கேட்க வேண்டும்?" கையை உயர்த்தவா, அருகில் வந்து சொல்லவா என்று ஆசிரியர் சொன்னதை வீட்டில் இரண்டு தடவை நடித்துக் காட்டி, அவளையும் சொல்ல வையுங்கள். சீருடையின் பொத்தானை அவளே கழற்றிப் போட வருகிறதா என்று பாருங்கள். மாற்று உடை ஒரு செட் பையின் அடியில் இருக்கட்டும். அது எதற்கென்று அவளுக்கும் தெரியட்டும். நனைந்துவிட்டால் யாரும் திட்ட மாட்டார்கள் என்று நீங்கள் முன்பே சொல்லியிருந்தால், அவள் உட்கார்ந்த இடத்திலேயே அழுதுகொண்டிருக்காமல் எழுந்து வந்து சொல்வாள்.

கேள்வி கேட்டால் பிள்ளைமேல் காட்டுவார்களோ என்று கேட்டிருந்தீர்கள். அப்படி ஒருபோதும் நடக்காது என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் எங்களை எரிச்சல்படுத்தியது கேள்வியைவிட அது வந்த வழிதான். காலை மணி அடிக்கும் நேரத்தில், 30 பிள்ளைகளுக்கு நடுவே, வகுப்பு வாசலில் நின்று கேட்கும் கேள்விக்கு யாராலும் நல்ல பதில் தர முடியாது. வாட்ஸ்அப் குழுவில் 60 பேர் முன்னால் கேட்டால் அது குற்றச்சாட்டாகிவிடும். நோட்டில் நான்கு வரி எழுதி அனுப்புங்கள்: "வணக்கம். சுற்றறிக்கையின் இன்ன பக்கத்தில் இப்படி இருக்கிறது. எங்கள் வீட்டு நிலைமை இது. என்ன செய்யலாம் என்று சொன்னால் உதவியாக இருக்கும். எப்போது பார்க்க வரலாம்?" இப்படி எழுதும் பெற்றோரை நான் மரியாதையோடுதான் நினைத்துக்கொள்வேன். பதில் வராவிட்டால் ஒரு வாரம் பொறுத்து தலைமையாசிரியர். அங்கேயும் நகராவிட்டால் நிர்வாகம். எழுதியதன் நகல் உங்களிடம் இருக்கட்டும். எல்லா விதியையும் தலைமையாசிரியரால் தளர்த்திவிட முடியாது. அரசு உத்தரவு, சட்டம் என்று வருவதில் அவர் கை கட்டப்பட்டிருக்கும். பள்ளியே வகுத்துக்கொண்ட பழக்கங்களில் இடம் உண்டு. 'இது சட்டமா, பள்ளியின் முடிவா?' என்று பணிவாகக் கேட்டாலே பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

குழுவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சத்தத்தை அணைத்துவிட்டு மாலையில் ஒருமுறை பாருங்கள். 'நாளைக்கு லீவாம்' என்று யார் போட்டாலும், பள்ளியின் செயலியில் வந்தால்தான் லீவு.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நீங்களும் கணவரும் சேர்ந்து உட்காருங்கள். இது ஒருவர் தலையில் ஏற வேண்டிய வேலை இல்லை. பென்சிலை வைத்துக்கொண்டு, நாம் ஏதாவது செய்ய வேண்டிய வரிக்கு ஒரு கோடு, பிள்ளையிடம் சொல்ல வேண்டிய வரிக்கு ஒரு புள்ளி, கேட்க வேண்டியதற்குக் கேள்விக்குறி போடுங்கள். தேதிகளை அப்போதே போன் காலண்டரில் ஏற்றிவிடுங்கள். 11 பக்கத்தில் ஒரு பக்கம் தேறும். அதை வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுங்கள், மாமனார் கண்ணில் படும் உயரத்தில், பெரிய எழுத்தில். பிள்ளைகளைக் கூட்டி வருபவர் அவர். நமக்கெல்லாம் வந்து குவியும் செய்தி அவருக்கு மட்டும் வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? விதி மாறியது அவருக்கு வாசலில்தான் தெரிந்திருக்கிறது.

அந்த விதி சரியானது என்பதை நீங்கள் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். காவலாளிக்கு அவரைத் தெரியும் என்பதை வைத்துப் பிள்ளையை அனுப்பினால், நாளைக்குக் காவலாளி மாறும்போது தெரியாதவருக்கும் கதவு திறக்கும். பெற்றோர் பிரிந்து வாழும் வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். யாரிடம் அனுப்பலாம், யாரிடம் கூடாது என்பது அவர்கள் வாழ்க்கையில் பெரிய விஷயம். அந்த ஒரு பிள்ளைக்காக எல்லோருக்கும் பட்டியல் வேண்டியிருக்கிறது. பட்டியலில் இல்லாத ஒருவர் அவசரத்துக்கு வர நேர்ந்தால் என்ன செய்வது என்று வீட்டில் ஒரு ரகசியச் சொல்லும் வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்லாதவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் பிள்ளைகள் அவரோடு போகக் கூடாது.

ஆனால் பள்ளி நடந்துகொண்ட விதம் சரியில்லை. வயதான ஒருவரை வெளியே நிற்க வைத்ததும், அழும் பிள்ளையை அவர் கண்ணெதிரே உள்ளே நிறுத்தியதும் விதியில் இல்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்து, உங்களுக்குப் போன் செய்து, உங்கள் வாய்மொழியை எழுதிக்கொண்டு, பேத்தியை அவர் பக்கத்தில் உட்கார வைத்திருக்கலாம். நான் தலைமையாசிரியையாக இருந்தபோது இப்படி ஒரு தாத்தா நின்றிருந்தால், அடுத்த நாள் நானே வாசலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டிருப்பேன். இதை உங்கள் பள்ளிக்கு எழுதுங்கள். விதியை எதிர்க்காமல், நடந்ததை மட்டும் எழுதுங்கள். முதல் இரண்டு வாரம் வாசலில் ஓர் ஆசிரியர் நிற்க முடியுமா என்றும் கேளுங்கள். புது விதி வரும் ஆண்டில் அது எல்லா வீட்டுக்கும் உதவும்.

மாமனாரிடம், படிவத்தை நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டதால் நேர்ந்தது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். "அது பள்ளிக்கூடத்து ரூல்ஸ் மாமா, விடுங்க" என்று மட்டும் முடித்துவிடாதீர்கள். இரண்டு வருடம் நின்ற வாசலில் தன்னை யாரென்று கேட்டார்கள் என்பதுதான் அவர் மனதில் உறைந்திருக்கிறது. புதுப் படிவத்தில் அவர் பெயரை முதல் பெயராக எழுதுங்கள், அவர் எதிரிலேயே. அனுமதி அட்டைக்கு நல்ல படமாக ஒன்று அவரே எடுத்துக் கொடுக்கட்டும். அப்புறம் ஒரு நாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, மாலை மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் அவரோடு வாசலுக்குப் போங்கள். மகளின் வகுப்பாசிரியரிடமும் காவலாளியிடமும், "இவர் எங்கள் மாமா, இனிமேல் தினமும் இவர்தான் வருவார்" என்று அவரை முன்னால் நிறுத்திச் சொல்லுங்கள். அட்டையை அவர் கையாலேயே காட்டட்டும். மகள் ஓடி வரும்போது நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.